லெட்ஜர் முதல் டிரைவர் வரை – ஒரு பேங்க்காரனின் கொசுவர்த்தி

டிஸ்கி: அடியேன் பி.காம். படித்த வங்கி அதிகாரி. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. இதில் வரும் தொழில்நுட்ப சமாச்சாரத்தை எல்லாம் அக்கா மகனிடம் கேட்டு, புரியும் வரைக்கும் அவன் உயிரை வாங்கி எழுதியிருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காப்பியோடு உட்காருங்கள்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் செம்பூர் வீட்டுக்கு வந்திருந்தான். காலையில் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, இட்லி சாப்பிடும்போது அம்மா கேட்டார்கள், "ஆபீஸ்ல என்னய்யா வேலை பாக்குத?"

"டிரைவர் வேலை ஆச்சி."

அம்மாவுக்கு இட்லி தொண்டையில் சிக்கிக்கொண்டது. இவ்வளவு படிக்க வைத்து டிரைவர் வேலையா என்று அக்காவுக்கு போன் போடவே எழுந்துவிட்டார்கள் :) அப்புறம் அவன் பொறுமையாக விளக்கினான். கம்ப்யூட்டருக்குள்ளே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் நடுவில் நின்று பேச்சு மொழிபெயர்க்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதில் இவன் பார்க்கிற வேலை, எழுதுவது இல்லை, அழிப்பது. முப்பது நாற்பது வருடமாகச் சேர்ந்துபோன பழைய கட்டங்களை எடுத்துப் பார்த்து, யாருக்கும் வேண்டாதது என்று தெரிந்தால் நீக்குவது.

"ஒரு வரி அழிக்க ரெண்டு வாரம் ஆகும் மாமா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் ஒரு காலத்தில் இதே வேலையை ஒரே ராத்திரியில் செய்தவன். அதற்கு இன்று வரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அவன் சொன்ன கதை. ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அந்தக் காலத்தில் அதில் ஒரு தகவலை எடுக்க மூன்று எண் சொல்ல வேண்டும்: எந்த வட்டம், எந்தத் தலை, எந்தத் துண்டு. நம்ம தாராவி விலாசம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரோடு, எந்த மாடி, எத்தனையாவது கதவு. ஐ.பி.எம். நிறுவனம் 1983இல் பி.சி. எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரை 10 மெகாபைட் டிஸ்கோடு விற்றபோது இந்த விலாசம் தாராளமாகப் போதும். அப்புறம் டிஸ்க் பெரிதானது. விலாசம் எழுதும் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரின் ஒரு பகுதி 1024 வட்டத்துக்கு மேல் எண்ணாது. இன்னொரு பகுதி 16 தலைக்கு மேல் எண்ணாது. துண்டுகள் 63. ஒரு துண்டுக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள் (கணக்கு நம்ம ஏரியா!): 52,84,82,304 பைட். சுமார் 528 மெகாபைட். 90களின் நடுவில் அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கி வந்தவர்கள் "பாக்கி இடம் எங்கே போச்சு?" என்று தேடியதற்கு இதுதான் காரணம்.

இதைச் சமாளிக்க என்ன செய்தார்கள் தெரியுமா? பொய் சொன்னார்கள். உள்ளே ரெண்டோ நாலோ தலை இருக்கும் டிஸ்குக்கு, 255 தலை இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்லும். கேட்பவனும் தலையாட்டுவான். பிறகு இந்த மூன்று எண் விவகாரத்தையே விட்டுவிட்டு, முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரைக்கும் வரிசையாக ஒரே எண் போடும் முறை வந்தது. ஆனாலும் பழைய கட்டம் போகவில்லை. டிஸ்கின் முதல் துண்டில் இருக்கும் பழைய பாணி பாகப்பிரிவினை அட்டவணையில் ஒவ்வொரு பாகத்துக்கும் 16 பைட் இடம். அதில் 6 பைட் இன்னமும் அந்த மூன்று எண் விலாசத்துக்குத்தான். பெரிய டிஸ்கில் அதற்கு அர்த்தமே கிடையாது என்பதால் ஏதோ ஒரு உச்ச எண்ணைப் போட்டு நிரப்பி வைக்கிறார்கள்.

"அதைத் தூக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"யாராவது ஒருத்தன் இன்னும் அதைப் படிச்சிட்டு இருந்தா? எங்கேயோ ஒரு பழைய புரோகிராம் அந்த எண்ணைக் கேட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கும். அதனால டிரைவர் இன்னைக்கும் ஒரு கற்பனை எண்ணைச் சொல்லிட்டு இருக்கு."

லினக்ஸில் பழைய ஐ.டி.இ. டிஸ்க் டிரைவர் ஒன்று இருந்ததாம். அதற்கு மாற்றாகப் புதியது 2000களின் நடுவிலேயே வந்துவிட்டது. ஆனால் பழையதை முழுசாகத் தூக்கியது 2021இல், 5.14 பதிப்பில்தான். பதினைந்து வருடத்துக்கு மேல் ரெண்டும் ஒரே வீட்டில் மாமியார் மருமகள் மாதிரி இருந்திருக்கின்றன. லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அடித்துச் சொல்லும் விதி ஒன்று உண்டாம்: நீ உள்ளே என்ன வேண்டுமானாலும் சுத்தம் செய், ஆனால் வெளியே பயன்படுத்துகிறவனுடைய புரோகிராம் உடையக் கூடாது.

இந்த விதியை 2006இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். கொசுவர்த்தியைச் சுற்றிவிடுங்கள்.

வங்கி என்றால் ஒரு காலத்தில் லெட்ஜர்தான். ஆளுயரம் இல்லாவிட்டாலும் ஒரு ஆள் தூக்க முடியாத கனம். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம். அதற்கு ஃபோலியோ என்று பெயர். பதினேழாம் லெட்ஜர், 243ஆம் ஃபோலியோ என்றால் அதுதான் உங்கள் கணக்கு, அதுதான் உங்கள் விலாசம். டிஸ்கில் வட்டம், தலை, துண்டு சொன்ன மாதிரியே! பக்கத்தின் தலையில் பெயர், விலாசம், கணக்கு தொடங்கிய தேதி. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள்: "கைநாட்டு", "இருவரில் யாரேனும்", "கணவர் இறந்தார், கடிதம் பார்க்க". சீனியர்கள் அந்த ஓரக் குறிப்பைப் படிக்காமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டார்கள்.

1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980இல் இன்னும் 6. கிளைகள் பெருகின, கணக்குகள் குவிந்தன, லெட்ஜர் கூட்டல் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. ரிசர்வ் வங்கி 1983இல் அப்போதைய துணை கவர்னர் சி. ரங்கராஜன் தலைமையில் ஒரு குழு போட்டது. நம்ம ஊர்க்காரர், பின்னாளில் கவர்னர் ஆனவர். 1984இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. அதே 1983இல் தொழிற்சங்கங்களோடு ஓர் ஒப்பந்தமும் ஆனது. கிளைகளுக்கு வந்த மெஷினுக்கு "அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்" என்று பெயர். கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைக் கேட்டாலே வேலை போய்விடும் என்று பயந்த காலம் அது, அதனால்தான் இந்தச் சுற்றி வளைத்த பெயர் என்று சீனியர்கள் சிரிப்பார்கள். 1986இல் மும்பையில் காந்த மை காசோலை பரிமாற்றம், 1987இல் இதே ஊரில் நாட்டின் முதல் ஏ.டி.எம்., 1989இல் ரங்கராஜனின் இரண்டாவது அறிக்கை என்று ஒவ்வொன்றாக வந்தன.

பிறகு 1998இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல், 2001 ஜனவரி 1க்குள் பொதுத்துறை வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒவ்வொரு கிளையும் தனித்தனித் தீவாக இருந்த நிலை மாறி, எல்லாக் கிளையும் ஒரே மையக் கணினியில் சேரும் கோர் பேங்கிங் அதற்குப் பின் வந்தது. ஸ்டேட் வங்கி 2002 வாக்கில் ஆரம்பித்து 2008க்குள் தன் எல்லாக் கிளைகளையும் மாற்றிவிட்டது. மற்ற வங்கிகளும் முன்னே பின்னே அதே காலம்தான்.

கிளையின் தகவலை மையக் கணினிக்கு மாற்றுவதற்கு "மைக்ரேஷன்" என்று பெயர். பிழைப்பு தேடி ஊர் விட்டு ஊர் போகும் நமக்கும் அதே பெயர்தான். ரெண்டிலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வருகிறோம்.

நான் 2003இல் வேலைக்குச் சேர்ந்து மும்பை வந்தேன். 2006இல் தாராவிக்குப் பக்கத்தில் ஒரு கிளை. எங்கள் முறை வந்தது. சனிக்கிழமை சாயந்திரம் கதவைச் சாத்தினால் திங்கள் காலை பத்து மணிக்குப் புது சிஸ்டத்தில் திறக்க வேண்டும். ஒரு எக்ஸெல் தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் எந்தெந்தக் கட்டம் போக வேண்டும் என்று.

முதல் தலைவலி பெயர். மும்பையில் மூன்று கட்டம்: தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். நம்மவர்களுக்கு இருப்பதோ இனிஷியலும் பெயரும். எஸ். முருகன் என்பவர் ஒரு இடத்தில் "முருகன் எஸ்", இன்னொரு இடத்தில் "முருகன் சுடலைமுத்து", வேறொரு இடத்தில் கட்டம் பற்றாமல் "முருகன் சுடலைமு". மாட்டுங்கா சுப்பிரமணியன்களின் கதியும் இதேதான், கடைசி எழுத்து ன்னா ம்மா என்பது கிளார்க்கின் விருப்பம். 90 அடி ரோடு, தாராவி என்ற ஒரே விலாசத்தில் அஞ்சு எஸ். முருகன்! ஒரே ஆள் என்று நினைத்து ஒரே கஸ்டமர் எண்ணில் சேர்த்துவிடப் பார்த்தோம். கேஷியர் அக்கா மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால், ஒருத்தர் பணத்தை இன்னொருத்தர் எடுத்திருப்பார்.

இரண்டாவது, பிறந்த தேதி. பழைய பாரத்தில் பலருக்குக் கிடையாது. சிஸ்டம் காலியாக விடாது. 01-01-1901 என்று போட்டோம். மறுநாள் பார்த்தால் எங்கள் கிளையில் நூறு வயது தாண்டியவர்கள் நானூறு பேர் :) அக்கா மகன் சொன்ன அந்த உச்ச எண் சமாச்சாரம் ஞாபகம் வருகிறதா? அதே வித்தைதான்.

மூன்றாவதுதான் என் பாவக் கணக்கு. "கணக்கு தொடங்கிய தேதி" கட்டாயம். லெட்ஜரிலிருந்து முதல் மெஷினுக்கு மாற்றியபோதே அந்தத் தேதியைப் பலருக்கு யாரும் ஏற்றவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, எட்டாயிரத்துச் சொச்சம் கணக்குக்கு லெட்ஜரைப் புரட்ட யாரால் முடியும்? மைக்ரேஷன் தேதியையே போடச் சொன்னேன். பக்கத்தில் "பழைய எண்" என்று ஒரு கட்டம், விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று. லெட்ஜர், ஃபோலியோ எண்ணை அதில் ஏற்றியிருக்க வேண்டும். "இனிமே இதை யாரு பாக்கப் போறா? காலியா விடுங்க" என்று சொன்னதும் நான்தான். திங்கள் காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

2024. நான் பல ஊர் சுற்றி மறுபடியும் அதே கிளைக்கு வந்திருந்தேன். தாராவி மறுசீரமைப்புக்காக அந்த வருடம் மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியிருந்தது. 2000 ஜனவரி 1 என்ற தேதி அங்கே எல்லார் வாயிலும் இருக்கும். அதற்கு முன்னால் இருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் அங்கேயே இலவச வீடு. ஆகவே வீட்டில் இருக்கிற பழைய காகிதம் எல்லாவற்றையும் மக்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் மதியம் ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் இட்லி வியாபாரம் பார்த்தவர். எங்க ஊர்ப் பக்கம்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"தம்பி, நான் தொண்ணூத்தி ஒண்ணுல இங்க கணக்கு தொறந்தேன். அப்பமே இந்த வெலாசம்தான். அதை ஒரு தாள்ல எழுதி சீல் போட்டுத் தாங்க. மத்த பேப்பரோட வைக்கணும்."

"பழைய பாஸ்புக் இருக்கா அண்ணாச்சி?"

"ரெண்டாயிரத்து அஞ்சு வெள்ளத்துல போயிட்டு."

சிஸ்டத்தைத் திறந்தேன். கணக்கு தொடங்கிய தேதி: 2006. என் கண்ணுக்கு முன்னால் நான் போட்ட தேதி. பழைய எண்: காலி.

"நீங்க 2006லதான் வந்தீங்கன்னு காட்டுது அண்ணாச்சி" என்று சொல்ல வாய் வரவில்லை. சாயந்திரம் வரச் சொன்னேன்.

லெட்ஜர்? 1985ஆம் வருடத்து விதிகள்படி வங்கிப் பதிவேடுகளை வகைக்குத் தகுந்தபடி 5 அல்லது 8 வருடம் வைத்திருந்தால் போதும். அதற்கு மேல் அழிக்கலாம், அழித்தாயிற்று. அதற்கும் முன்னால், 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்கு எங்கள் கிளையிலும் முழங்கால் தண்ணீர். கீழ்த்தட்டு லெட்ஜர்கள் அப்போதே கூழாகிவிட்டன. கணக்கு தொடங்கும் பாரங்கள் மட்டும் மேல் அறையில் கட்டுக்கட்டாக இருந்தன. ஆனால் அவை பழைய எண் வரிசையில் அடுக்கியவை. பழைய எண் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாவிட்டால் வைக்கோல் போரில் ஊசி.

ஓய்வுபெற்ற பியூன் ஒருவருக்கு போன் போட்டேன். மராட்டியர், அறுபத்தெட்டு வயது. ஹிந்தியில் கேட்டார்: "சாப், அந்தச் சிவப்பு நோட்டைப் பார்த்தீர்களா?"

என்ன சிவப்பு நோட்டு? நாங்கள் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியபோது, வாடிக்கையாளர்கள் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்களே என்று, கேஷியர் அக்கா தன் வசதிக்காக ஒரு நீள நோட்டில் பழைய எண், புது எண் ரெண்டையும் கையால் எழுதி வைத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. ரிக்கார்டு ரூம் இரும்பு பீரோவுக்கு மேலே, தூசிக்கு அடியில் இருந்தது அந்த நோட்டு. பெரியவரின் எண் இருந்தது. பாரம் கிடைத்தது. 1991, மே மாதம். ஒட்டிய போட்டோவில் மீசை வைத்த இளைஞர். விலாசம் அதே விலாசம்.

சாயந்திரம் கடிதத்தைக் கொடுத்தேன். பாரத்தின் நகலைக் காட்டியதும் அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை, போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு முடி இருந்துச்சா எனக்கு!"

கதை இங்கே முடிந்திருந்தால் சந்தோஷம். அந்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களை ஈரமும் கரையானும் தின்றிருந்தன. ஒருத்தருக்கு வேறு வழியில் கண்டுபிடித்தோம். ரெண்டு பேரை வெறும் கையோடு அனுப்பினேன். அவர்களிடம் ரேஷன் கார்டு, வேறு காகிதம் இருந்திருக்கலாம். வங்கிக் கடிதம் ஒன்று குறைந்ததால் என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைத்தான் அன்றைக்கு அக்கா மகனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதான் மாமா ரெண்டு வாரம் ஆகுது" என்றான். ஒரு கட்டத்தை அழிக்கும் முன் அதை எழுதுவது யார் என்று மட்டும் பார்த்தால் போதாதாம். படிப்பது யார் என்று தேட வேண்டுமாம். எழுதுகிறவனைக் கண்டுபிடிப்பது சுலபம். படிக்கிறவன் இருபது வருடம் கழித்துக்கூட வருவான்.

பழையதை அப்படியே கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. 528 மெகாபைட் விலாசத்தோடு இன்றைக்குக் குடும்பம் நடத்த முடியாது. கட்டங்கள் மாறத்தான் வேண்டும். வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமிக்கும் வசதியே 1985இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாரங்களில் அந்தக் கட்டமே கிடையாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நல்ல மாற்றம். மாற்றும் கை கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஊரை விட்டு வந்து எங்கெங்கோ இருக்கும் நம் குடும்பங்களுக்கு, ஒரு பேங்க்காரனின் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பரணில் அப்பா, தாத்தா பாஸ்புக் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்த வங்கியே இப்போது இல்லையே என்று கவலை வேண்டாம். பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990இல் இந்தியன் வங்கியோடும், பேங்க் ஆஃப் தமிழ்நாடு அதே வருடம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடும், பேங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடும், லட்சுமி விலாஸ் 2020இல் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடும் சேர்ந்துவிட்டன. கணக்கு அங்கே போயிருக்கும்.

இரண்டு, பத்து வருடம் தொடாத கணக்கின் பணம் 2014ஆம் வருடத் திட்டப்படி ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். உரியவரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் அந்த வங்கியிடமே கேட்டுப் பெறலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பல வங்கிகளில் ஒரே இடத்தில் தேடலாம். தேடும்போது இனிஷியல் முன்னால், பின்னால், அப்பா பெயர் முழுசாக என்று எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தா பெயரை அந்தக் கட்டத்தில் எந்தக் கிளார்க் எப்படித் திணித்தார் என்று யாருக்குத் தெரியும்!

மூன்று, உங்கள் கணக்கின் பழைய எண், தொடங்கிய தேதி, பெயரின் எழுத்து மூன்றையும் ஒரு நோட்டில் கையால் எழுதி வையுங்கள். பீரோவுக்கு மேலே வேண்டாம், கரையான் வரும்.

அந்தக் கேஷியர் அக்கா ஓய்வு பெற்று மாட்டுங்காவில் இருக்கிறார். போன வாரம் ஒரு முழம் மல்லிகையும் அரைக் கிலோ மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதுக்கு இதெல்லாம் என்றார். 2006 பாக்கி அக்கா என்றேன்.